பிளேட்லெட் கொடுக்கும்போது உதடு விறுவிறுத்தது, கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். ஏன்?

செந்தூரன் | ஞாயிறு, இரவு 9.12
இன்று காலை பிளேட்லெட் தானம் கொடுத்தேன். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்கும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. முழு இரத்தம் ஏழெட்டு முறை கொடுத்திருக்கிறேன், இயந்திரத்தில் படுத்துக் கொடுப்பது இதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் ஆனதும் உதட்டைச் சுற்றி ஒரு விறுவிறுப்பு. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசி இறங்கும்போது வருமே, அப்படி. விரல் நுனியிலும் லேசாக வந்தது. சிஸ்டரிடம் சொன்னேன். "இது சகஜம்தான் அண்ணா" என்று இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, மென்று தின்னச் சொல்லி ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்தார். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

என்னிடம் எடுத்தது பிளேட்லெட். குறைந்தது கால்சியம். இரண்டுக்கும் என்ன உறவு? வாட்ஸாப்பில் கேட்டதற்கு, "கால்சியம் சாப்பிட்டால் பிளேட்லெட் ஏறும், அதனால்தான் கொடுக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினார். உண்மையா?

கோமதி_லேப் | ஞாயிறு, இரவு 9.40
வாட்ஸாப் பதிலை முதலில் அழித்துவிடுங்கள் தம்பி. கால்சியம் மாத்திரையால் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறாது. பிளேட்லெட் உண்டாவது எலும்பு மஜ்ஜையில், மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து பிய்ந்து பிய்ந்து. அந்தக் கணக்கு வேறு.

உங்களுக்கு நடந்தது சிட்ரேட்டின் வேலை. இரத்தம் குழாய்க்குள் வந்ததும் உறைந்துவிடாமல் இருக்க, இயந்திரம் சிட்ரேட் கலந்த கரைசலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். சிட்ரேட் கால்சியம் அயனியைப் பிடித்துக் கட்டிப்போடும். பிளேட்லெட்டைப் பையில் எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்கே திருப்பும்போது, அந்தச் சிட்ரேட்டும் சேர்ந்து உள்ளே வருகிறது. வந்து உங்கள் உடம்பில் இருக்கும் கால்சியம் அயனியையும் பிடிக்கிறது. நரம்புக்கு அது உடனே தெரியும், உதடு விறுவிறுக்கும்.

அந்த நேரத்தில் இரத்தம் எடுத்துச் சாதாரண கால்சியம் டெஸ்ட் செய்திருந்தால் நார்மல் என்றே வந்திருக்கும். இரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மொத்தம் 2.2 முதல் 2.6 மில்லிமோல் கால்சியம் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி, 1.2 மில்லிமோல் அளவுதான் எதோடும் ஒட்டாமல் அயனியாகத் திரிகிறது. மீதி பெரும்பாலும் ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. வேலை செய்வது அந்தச் சும்மா திரியும் பாதிதான். சிட்ரேட் கால்சியத்தை உடம்பைவிட்டு வெளியேற்றவில்லை, கையைக் கட்டிவிட்டது, அவ்வளவுதான். கல்லீரல் சிட்ரேட்டை எரித்ததும் கட்டு அவிழ்ந்துவிடும்.

குறுக்குச்சால் | ஞாயிறு, இரவு 10.05
ஒரு சந்தேகம். கால்சியத்தைக் கட்டினால் இரத்தம் உறையாது என்கிறீர்கள். அப்படியென்றால் உதடு விறுவிறுத்த அந்தப் பத்து நிமிடம் செந்தூரனுக்குக் காயம் பட்டிருந்தால் இரத்தம் நிற்காமல் போயிருக்குமா? இதைத் தானம் கொடுப்பவர்களிடம் யாரும் சொல்வதில்லையே!

ஓய்வு_வாத்தியார் | திங்கள், காலை 6.20
பயப்பட வேண்டாம். 1890 ஆம் ஆண்டிலேயே ஆர்த்தூஸ், பாஷே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், இரத்தத்தில் ஆக்சலேட்டைப் போட்டுக் கால்சியத்தை நீக்கினால் உறையாது என்று காட்டிவிட்டார்கள். உறைதல் காரணிகளின் வரிசையில் நான்காவது காரணி என்று கால்சியத்துக்கு இடம் கொடுத்திருப்பது அதனால்தான். ஆனால் அது கண்ணாடிக் குழாய்க்குள், கால்சியம் ஏறக்குறைய முழுவதும் போன நிலையில். உடம்புக்குள் அயனிக் கால்சியம் அந்த அளவுக்கு இறங்குவதற்குள் தசை இழுத்துக்கொள்ளும், இதயம் தாளம் தப்பும். கால்சியம் குறைவு வந்தவர் முதலில் இரத்தப்போக்கோடு வருவதில்லை, கைவிரல் முறுக்கிக்கொண்டுதான் வருவார். தானம் கொடுப்பவருக்கு 1.2 என்பது 0.9 பக்கம் இறங்கலாம். அதில் உறைதல் கெடாது.

பெரிய விபத்தில் அடிபட்டு பாட்டில் பாட்டிலாக இரத்தம் ஏற்றும்போது கதை வேறு. அத்தனை பையிலும் சிட்ரேட். அதனால்தான் இடையிடையே கால்சியம் குளுக்கோனேட் ஊசி போடுகிறார்கள்.

நெய்தல் | திங்கள், இரவு 8.30
மருந்தியலில் ஆராய்ச்சி மாணவி. பிளேட்லெட்தான் என் சோறு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பேசியது பிளேட்லெட்டுக்கு வெளியே உள்ள கால்சியம். உள்ளே எவ்வளவு தெரியுமா? சும்மா மிதந்து போகும் பிளேட்லெட்டின் உள்ளே 100 நானோமோல். வெளியே 1.2 மில்லிமோல். பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரு பிளேட்லெட்டின் அகலம் 2 முதல் 3 மைக்ரான், ஆயுள் ஏழு முதல் பத்து நாள். அந்தப் பொடி ஆள் தன் வாழ்நாள் முழுக்கச் செய்யும் பெரிய வேலை, கசிந்து வரும் கால்சியத்தை இறைத்துக்கொண்டே இருப்பது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி. ஒரு பம்பு வெளியே தள்ளும். இன்னொரு பம்பு உள்ளே இருக்கும் குழல் வலைக்குள் சேர்த்து வைக்கும்.

இரத்தக்குழாய் கிழிந்து அதன் சுவரில் இருக்கும் கொலாஜன் நார் தெரிந்தால், அல்லது உறைதலை நடத்தும் திராம்பின் என்ற நொதி வந்து தட்டினால், பிளேட்லெட்டுக்குள் ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி அந்தக் குழல் வலையின் கதவைத் திறக்கும். சேர்த்துவைத்த கால்சியம் கொட்டும். வலை காலியாவதை ஸ்டிம்1 என்ற புரதம் மோப்பம் பிடித்து, வெளிச்சவ்வில் உள்ள ஒராய்1 என்ற வாசலைத் திறந்துவிடும். வீட்டுக் குதிரில் நெல் தீர்ந்ததும் களத்துமேட்டுக்கு ஆள் அனுப்புவது போல. இப்போது வெளியிலிருந்து கால்சியம் பாயும். நானோமோல் கணக்கில் இருந்தது மைக்ரோமோலுக்கு ஏறும். தட்டையாக இருந்தது உருண்டையாகிக் கை கால் நீட்டும், பக்கத்து பிளேட்லெட்டோடு ஒட்டும், உள்ளே வைத்திருக்கும் சரக்கை வெளியே கொட்டும்.

குறுக்குச்சால் | திங்கள், இரவு 8.52
ஆக, கால்சியம்தான் சுவிட்ச். அதைச் சொல்ல இவ்வளவு தேவையா?

நெய்தல் | திங்கள், இரவு 9.30
அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1974 இல் ஃபைன்மன், டெட்வைலர் இருவரும் கால்சியத்தைச் சவ்வு வழியாகக் கடத்தும் ஒரு அயனோஃபோரைப் போட்டார்கள். கொலாஜனும் இல்லை, திராம்பினும் இல்லை, ஆனாலும் பிளேட்லெட் சரக்கைக் கொட்டியது. சுவிட்ச் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

1982 இல் கேம்பிரிட்ஜில் ரிங்க், ஸ்மித், சியென் மூவரும் மனித பிளேட்லெட்டுக்குள் குவின்2 என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றி, உள்ளே இருக்கும் கால்சியத்தை நேரடியாக அளந்தார்கள். (சியென் என்பவர் பின்னால் பச்சை ஒளிர் புரதத்துக்காக 2008 இல் நோபல் வாங்கிய அதே ரோஜர் சியென்.) அயனோஃபோர் போட்டால், கால்சியம் நன்றாக ஏறிய பிறகுதான் உருவம் மாறுகிறது, அதற்கும் மேலே ஏறினால்தான் சுரப்பு, அதாவது சரக்கைக் கொட்டுவது. அதுவரை சரி. திராம்பின் போட்டபோதுதான் இடித்தது. வெளியே கால்சியம் இல்லாமல், உள்ளேயும் அளவு பெரிதாக ஏறாத நிலையில்கூட திராம்பின் பிளேட்லெட்டைச் சுரக்க வைத்தது! அப்போது இன்னொரு கை இருக்க வேண்டும்.

அந்த இன்னொரு கையைக் காட்டியது ஜப்பானில் கோபே நகரத்து நிஷிசுகாவின் குழு. புரதக் கைனேஸ் சி என்ற நொதி. 1983 இல் அவர்கள் சொன்னது, கொஞ்சம் கால்சியமும் கொஞ்சம் கைனேஸும் தனித்தனியே தந்தால் சுரப்பு அற்பம், இரண்டையும் சேர்த்துத் தந்தால் முழுச் சுரப்பு. கைனேஸ் வேலை செய்யும்போது அதே கால்சியத்துக்குச் சுரப்பு இயந்திரம் கூடுதலாக அசைகிறது. ஆகவே சுவிட்ச் என்று சொல்வதைவிட, பழைய வங்கி லாக்கர் என்பேன். இரண்டு சாவி வேண்டும்.

செந்தூரன் | திங்கள், இரவு 9.48
லாக்கர் புரிந்தது. உள்ளே என்ன நகை?

நெய்தல் | திங்கள், இரவு 10.15
நல்ல கேள்வி :) இரண்டு வகைப் பைகள் உண்டு. ஆல்ஃபா துகள்கள் ஒரு பிளேட்லெட்டில் 50, 80 இருக்கும். அவற்றில் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள். அடர்துகள்கள் மூன்று முதல் எட்டுதான். ஆனால் அயனிக்காரர்களுக்கு அவைதான் புதையல். ஏ.டி.பி., ஏ.டி.பி.க்கு அண்ணன் ஏ.டி.பி... மன்னிக்கவும், தமிழில் இரண்டும் ஒரே மாதிரி வந்துவிடுகிறது. இருபாஸ்பேட் கொண்டது (ADP), முப்பாஸ்பேட் கொண்டது (ATP), இரண்டும் இருக்கின்றன. செரடோனின், நீளமான பாலிபாஸ்பேட் சங்கிலி, அப்புறம் கால்சியம். அதுவும் லேசாக அல்ல, லிட்டருக்கு 2 மோல் அளவுக்குச் செறிந்தது. அந்தக் கால்சியம் எலக்ட்ரான்களைத் தடுப்பதால், எந்தச் சாயமும் போடாமல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தாலே துகள்கள் கன்னங்கரேலென்று மிளகு போலத் தெரியும். அடர்துகள் என்ற பெயரே அதனால்தான்.

உள்ளே அமிலம், பி.எச். 5.4 பக்கம். புரோட்டானை உள்ளே தள்ளும் பம்பு அப்படி வைத்திருக்கிறது. செரடோனினைப் பிளேட்லெட் தானே செய்வதில்லை, பிளாஸ்மாவிலிருந்து சோடியம், குளோரைடு அயனிகளின் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுவந்து, பிறகு அந்த அமிலத்தின் துணையோடு துகளுக்குள் அடைக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் ஏதாவது ஒரு அயனி காவலுக்கு நிற்கிறது.

டாக்டர்_மௌனி | செவ்வாய், காலை 7.05
இரத்தவியல் முதுநிலை மாணவன். நல்ல இழை. ஒன்று சேர்க்கிறேன். ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோயில் அந்த மிளகுகளே இருக்காது. 1959 இல் பிராகில் விவரிக்கப்பட்டது. தோல் முடி வெளுத்திருக்கும், இரத்தமும் எளிதில் நிற்காது. போர்ட்டோ ரிக்கோவின் வடமேற்கில் இது அசாதாரணமாக அதிகம்.

எங்கள் பிரிவில் இப்படிப்பட்ட சுரப்புக் குறைபாட்டை ஏ.டி.பி. (இருபாஸ்பேட் கொண்டது, ADP) திரளல் சோதனையில்தான் முதலில் சந்தேகிப்போம். சிட்ரேட் குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் ஏ.டி.பி. சேர்த்தால் முதலில் ஒரு அலை, பிறகு சுரந்த சரக்கால் இரண்டாம் அலை. இரண்டாம் அலை வராவிட்டால் சுரப்பில் கோளாறு. உடம்பில் நடப்பதும் இதுதானே?

நெய்தல் | செவ்வாய், மதியம் 1.10
இல்லை டாக்டர். இங்கேதான் நான் சண்டைக்கு வருவேன்.

மற்றவர்களுக்காக: 1962 இல் லண்டனில் கஸ்டவ் போர்ன் செய்த எளிய கருவி அது. பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். பிளேட்லெட் திரண்டால் தெளியும், வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். அதைக் கோடாக வரையும். 1966 இல் மேக்மிலன் அந்தக் கோட்டில் இரண்டாவது ஏற்றம் ஒன்றைக் கண்டார். ஆஸ்பிரின் கொடுத்தவர்களிடம் அது வருவதில்லை. ஆகவே ஏ.டி.பி. பட்டால் பிளேட்லெட் திராம்பாக்ஸேன் என்ற தூண்டும் பொருளைச் செய்து துகள்களைக் கொட்டும் என்று ஒரு தலைமுறையே படித்தது.

அந்தப் பிளாஸ்மா எதில் எடுத்தது? சிட்ரேட்டில். அதில் மிஞ்சும் கால்சியம் அயனி 40, 50 மைக்ரோமோல்தான், உடம்பில் இருப்பதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு. கனடாவில் மஸ்டர்ட், பேக்கம், கின்லஃப்-ராத்போன் ஆகியோர் 1970களில் காட்டியது இது: கால்சியத்தை உடம்பில் இருக்கும் அளவுக்கு வைத்துவிட்டு, அதே மனித பிளேட்லெட்டுக்கு அதே ஏ.டி.பி.யைக் கொடுத்தால், முதல் அலை வரும், பிறகு திரண்டது கலையும். திராம்பாக்ஸேனும் இல்லை, சுரப்பும் இல்லை. நீங்கள் பார்க்கும் இரண்டாம் அலை, கால்சியம் குறைவான இடத்தில் பிளேட்லெட்டுகள் நெருக்கமாக ஒட்டும்போது மட்டும் எழுவது. அது குழாயின் குணம், உடம்பின் குணம் அல்ல.

எனக்கு இதில் வியப்பே, சுரப்புக்குக் கால்சியம் வேண்டும் என்று இரண்டு நாளாகப் பேசுகிறோம், வெளியே கால்சியம் குறைந்த இடத்தில்தான் சுரப்பு கூடுகிறது என்பது.

டாக்டர்_மௌனி | செவ்வாய், இரவு 10.20
நாள் முழுக்க வார்டில் இருந்ததால் தாமதம். கொஞ்சம் கோபமாகத்தான் பதில் எழுதத் தொடங்கினேன், எழுதி அழித்தேன். நீங்கள் சொல்வது சரி, சார் ஒருவரிடமும் கேட்டுவிட்டேன். ஆனாலும் சோதனையைத் தூக்கி எறிய முடியாது. சிட்ரேட் ஒரு செயற்கையான நெருக்கடியை உண்டாக்குகிறது. அந்த நெருக்கடியில் ஆரோக்கியமான பிளேட்லெட் சுரக்கும், துகள் இல்லாத பிளேட்லெட் சுரக்காது. மலையேற வைத்து மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பது போல. ஒருவர் தினமும் மலை ஏறுவதில்லை என்பதால் அந்தச் சோதனை பொய்யாகிவிடாது.

நெய்தல் | செவ்வாய், இரவு 10.31
ஒப்புக்கொள்கிறேன். "உடம்பில் நடப்பதும் இதுதானே" என்ற வரிக்குத்தான் என் சண்டை. அறிக்கையில் இரண்டாம் அலை என்று எழுதுங்கள், உடலியக்கம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

கோமதி_லேப் | புதன், மாலை 5.15
குழாயின் குணம் என்றதும் என் கதை ஒன்று. முன்பு வேலை பார்த்த ஒரு லேபில், ஐம்பது வயது அம்மா ஒருவர், வேறு இடத்து ரிப்போர்ட்டோடு வந்தார். பிளேட்லெட் 32,000. உடனே ஏற்ற வேண்டும் என்று பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். மகன் இரத்தம் தேடி அலைந்து கொண்டிருந்தார். அம்மா உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் கசிவில்லை. எனக்கு உறுத்தியது. ஸ்லைடு போட்டுப் பார்த்தால் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக. நீல மூடிக் குழாயில் திரும்ப எடுத்தேன். சிட்ரேட் கரைசலால் நீர்த்துப்போனதற்கு 1.1 ஆல் பெருக்கினால் 2 லட்சத்துக்கு மேல். சாதாரண அளவே 1.5 முதல் 4 லட்சம்தானே.

ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ., சிட்ரேட்டைவிட முரட்டுத்தனமாகக் கால்சியத்தைப் பிடுங்கும். சிலருக்கு அப்போது பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. கால்சியம் போனால் ஒட்டக் கூடாது அல்லவா, ஏன் ஒட்டுகிறது என்று அப்போது புரியவில்லை.

டாக்டர்_மௌனி | புதன், இரவு 9.00
பிளேட்லெட் மேல் ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும் கொக்கி ஒன்று உண்டு, இரண்டு புரதங்கள் சேர்ந்த இன்டெக்ரின். பிளேட்லெட் திரளாமல் இரத்தம் கசியும் கிளான்ஸ்மன் நோயில் பழுதாகி இருப்பது இதுவே. அந்த இரண்டு புரதங்களையும் சேர்த்து நிறுத்தும் ஆணி கால்சியம் அயனி. ஈ.டி.டி.ஏ. ஆணியைப் பிடுங்கியதும் கொக்கியின் வடிவம் குலைந்து, இதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே தெரிகிறது. சிலருடைய இரத்தத்தில் அந்தப் பகுதியைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அது வந்து பிளேட்லெட்டுகளைக் கோர்த்துவிடும். உடம்புக்குள் ஆணி பத்திரமாக இருப்பதால் ஒன்றும் நடக்காது. அந்த அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை. அவரைக் காப்பாற்றியது உங்கள் ஸ்லைடு.

ஓய்வு_வாத்தியார் | வியாழன், காலை 6.10
பொட்டாசியத்தை யாரும் கவனிக்கவில்லையே. உறைய வைத்து எடுக்கும் சீரத்தில், பிளாஸ்மாவைவிடப் பொட்டாசியம் கொஞ்சம் கூடுதலாக வரும். உறையும்போது பிளேட்லெட்டுகள் தங்கள் பொட்டாசியத்தை விடுவதே காரணம். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிய நோயாளிகளில் இது பயமுறுத்தும் எண்ணாகிவிடும். 1958 இல் ஹார்ட்மன் குழு இதை விளக்கியது. இசிஜி சாதாரணமாக இருந்து பொட்டாசியம் மட்டும் எகிறியிருந்தால், உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் எடுத்த பிளாஸ்மாவில் மறுபடி பார்க்க வேண்டும். இதுவும் கோமதி அம்மா சொன்ன கதையின் தம்பிதான்.

குறுக்குச்சால் | வியாழன், காலை 9.25
சரி, ஒரு கடைசிக் குறுக்குக் கேள்வி. பிளேட்லெட்டுக்குள் கால்சியம் ஏறி, சரக்கைக் கொட்டிவிட்டது. அதோடு கால்சியத்தின் வேலை முடிந்ததா?

நெய்தல் | வியாழன், இரவு 8.45
இல்லை. சில பிளேட்லெட்டுகளில் கால்சியம் ஏறி, இறங்காமல் அப்படியே நிற்கும். அப்போது டி.எம்.இ.எம்.16எஃப் என்ற புரதம் விழித்துக்கொள்ளும். சவ்வின் உள்பக்கம் வைத்திருந்த பாஸ்ஃபடிடில்செரின் கொழுப்பை வெளிப்பக்கம் புரட்டிவிடும், தோசையைத் திருப்பிப் போடுவது போல. அந்தக் கொழுப்பில் உறைதல் காரணிகள் வந்து உட்கார, நடுவில் பாலமாக மறுபடியும் கால்சியம் அயனி, இந்த முறை வெளியே இருப்பது. இந்தப் புரட்டல் நடக்காத நோய் ஸ்காட் நோய், 1979 இல் விவரிக்கப்பட்டது. பிளேட்லெட் எண்ணிக்கை சரி, திரளல் சரி, சுரப்பும் சரி, ஆனால் இரத்தம் கசியும். எந்த மரபணு என்று தெரிய 2010 வரை ஆனது.

செந்தூரன் | சனி, காலை 7.30
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பையனுக்கு எண்ணிக்கை ஏறியிருக்கிறதாம், அவன் அப்பா போன் செய்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி தேவைப்படலாம் என்கிறார். இந்த முறை முன்னாலேயே மாத்திரையை மென்றுவிட்டுப் போகலாமா?

கோமதி_லேப் | சனி, காலை 8.02
தாராளமாக, ஆனால் நீங்களாக அல்ல. போனதும் "போன தடவை உதடு விறுவிறுத்தது" என்று சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களே கொடுப்பார்கள், வேகத்தையும் பார்த்து வைப்பார்கள். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். விறுவிறுப்பு வந்தால் வீரம் காட்டி அடக்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள், முதல் நிமிடமே சொல்லுங்கள்.

நெய்தல் | சனி, இரவு 7.50
டாக்டர், உங்களுக்காக என் கையிலிருந்தே எடுத்தேன். ஒரு குழாயில் சிட்ரேட், இன்னொன்றில் ஹிருடின். ஹிருடின் திராம்பினை மட்டும் தடுக்கும், கால்சியத்தைத் தொடாது. ஒரே அளவு ஏ.டி.பி. சிட்ரேட்டில் கோடு ஏறி, கொஞ்சம் தயங்கி, மறுபடி ஏறி மேலேயே நின்றது. ஹிருடினில் ஏறியது, நின்றது, இறங்கிவிட்டது. ஒரே ஆளின் இரத்தம், அரை மணி நேர இடைவெளி.

டாக்டர்_மௌனி | சனி, இரவு 8.14
அந்த இரண்டு கோட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். திங்கட்கிழமை வகுப்பு எடுக்கும் முறை எனக்கு. எங்கள் ஸ்லைடில் "உடலில் நடப்பது" என்று ஒரு தலைப்பு இருக்கிறது, அதை மாற்ற வேண்டும்.